கேள்விக்குறி போட்டால் பொய்யில்லை

அந்த நாளிதழோடு வியாழக்கிழமைதோறும் போன்களைப் பற்றி நான்கு பக்க இணைப்பு ஒன்று வரும். அதற்குத் தலைப்பு எழுதுவது மட்டும்தான் அவருடைய வேலை. போனைக் கையில் வைத்துச் சோதித்துச் செய்தி எழுதுவது வேறு ஆள். படம் போடுவது வேறு ஆள். இவர் தலைப்பு. ஆபீஸில் எல்லோரும் ‘தலைப்பு சார்’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

நேரில் பார்த்தால், இந்த மனுஷனா அதையெல்லாம் எழுதுகிறார் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். வயது நாற்பத்தாறு. இதற்கு முன்னால் பதினோரு வருஷம் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்தியவர். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வெளியே மழையா என்று கேட்டால் ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் பெய்கிறது, பின்பக்கம் நான் பார்க்கவில்லை என்பார். பஸ்ஸில் யாராவது மணி கேட்டால், கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது என்ற விவரமும் சேர்ந்தே வரும். அப்பேர்ப்பட்ட ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால், ‘உங்கள் தலையணைக்கு அடியில் எமன்?’ என்று எழுதுவார்.

அந்தக் கேள்விக்குறியைக் கவனித்தீர்களா? அதில்தான் இருக்கிறது சூட்சுமம். இணைப்பின் ஆசிரியர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமே அதுதான். வெடிக்கும் என்று போட்டால் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்கு இழுப்பான். வெடிக்குமா என்று போட்டால்? கேட்கிறோம், அவ்வளவுதான். கேட்பதற்கு யார் கேஸ் போட முடியும்? தலைப்பு சாருக்கு இது வேதவாக்காகப் பட்டது. ஒன்பது வருஷத்தில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று அவர் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வார். மனசார நம்பித்தான் சொல்வார், பாவம்.

ஆசிரியர் அறைக் கதவின் பின்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. பன்னிரண்டு மாதம், இரண்டு நிறம். ஒரு கம்பெனி மஞ்சள் பெட்டியில் போன் விற்றது, இன்னொன்று நீலப் பெட்டியில். கடைசிப் பக்க விளம்பரம் எந்தக் கம்பெனி தருகிறதோ அந்த மாதம் அதன் போன் ‘அசத்தல்’. மற்றதன் போன் ‘அதிர்ச்சி’. ஜனவரியில் அசத்திய போன் மார்ச்சில் அதிர வைக்கும். இடையில் போன் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, பெட்டியிலேயே படுத்துக் கிடந்தது. ஒரு முறை இரண்டு கம்பெனியுமே விளம்பரம் தராமல் டிமிக்கி கொடுக்க, மனிதனுக்குப் போன் தேவையா என்று நான்கு பக்கமும் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த வாரமே இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

உண்மையும் அந்த இணைப்பில் இல்லாமல் இல்லை. நான்காவது பத்தியில் இருக்கும். அதை எழுதுகிறவர் சோதனை மேடம். போனை எடை போடுவார், இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார், சார்ஜ் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்த்ததை ஒளிக்காமல் எழுதுவார். அச்சில் வரும் எழுத்துதான் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடியாக இருக்கும். தலைப்பு சாருக்கு எதிர் நாற்காலி அவருடையது. ஒன்பது வருஷமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்தும், அவர் எழுதியதில் முதல் மூன்று வரியைத் தாண்டி இவர் படித்ததில்லை. தலைப்புக்கு அது போதும்.

இதையெல்லாம் எவன் நம்பப் போகிறான் என்பதுதான் தலைப்பு சாரின் நிம்மதி. எல்லாருக்கும் தெரியும், ஒரு சுவாரசியத்துக்குப் படிக்கிறார்கள், மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தார். நம்புகிற ஆள் ஒருத்தி இருந்தாள். அது அவருடைய அக்கா.

அக்கா நகரத்தின் மறுகோடியில் நான்காவது மாடியில் தனியாக இருந்தாள். தையல்காரி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, பதினேழு வயதிலிருந்து மிஷினை மிதித்து மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோர்க்க வராது. காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருபது ஊசிக்கு நூல் கோர்த்து வாங்கி ஒரு துணித்துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொள்வாள். இருபதும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. பேப்பரில் சின்ன எழுத்தெல்லாம் அவளுக்கு வெறும் அழுக்காகத்தான் தெரியும். தலைப்பு மட்டும் பளிச்சென்று தெரியும். வியாழக்கிழமை காலையில் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, எதிர் பால்கனிக்குக் கேட்கிற மாதிரி, என் தம்பி எழுதினது என்பாள்.

கேள்விக்குறியும் அவள் கண்ணில் படாமல் இல்லை. தம்பிக்கு மரியாதை தெரியும், எதையும் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல மாட்டான், கேட்கிற மாதிரிதான் சொல்வான் என்று அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நீலக் கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது. ஆசிரியர் அட்டவணையில் கை வைத்தார். அந்த வாரம் பார்த்து ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் ஒருவர் கையிலிருந்து நீல போன் நழுவி ரோட்டில் விழுந்தது. அதன் மேல் லாரி ஒன்று ஏறியது. லாரியின் டயர் வெடித்தது. நடந்தது இவ்வளவுதான். போனுக்கு ஓரத்தில் ஒரு கீறல். லாரி டிரைவர் இறங்கி வந்து அதே போனை வாங்கித்தான் பஞ்சர் கடைக்குப் பேசினார் என்று சோதனை மேடம் நான்காவது பத்தியில் தெளிவாகவே எழுதியிருந்தார். தலைப்பு சார் முதல் மூன்று வரி படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், எழுதினார்: ‘நீல போன் அருகே பயங்கர வெடிச்சத்தம்! உங்கள் பையில் இருப்பது போனா, வெடிகுண்டா?’

வரிக்கு வரி உண்மை. வெடிச்சத்தம் கேட்டது, போன் அருகில்தான் இருந்தது. ஆசிரியர் எழுந்து வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது மிஷின் மேல் ஒரு கடிதம் கிடந்தது. சின்ன எழுத்து என்பதால் அவள் படிக்கவில்லை, தம்பி வரட்டும் என்று வைத்திருந்தாள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ஆபரேஷன் தேதி சொல்லக் கூப்பிட்டோம், நீங்கள் எடுக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இன்னொரு முறை கூப்பிடுவோம். நோயாளியே பேசிச் சம்மதம் சொல்ல வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும், சுமார் பதினான்கு மாதம் ஆகும். தலைப்பு சார் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். பதினான்கு மாதத்தில் இவளுக்கு ஊசியே தெரியாமல் போய்விடுமே. உன் நீல போன் எங்கே என்று கேட்டார். அக்கா பால்கனியைக் கை காட்டினாள்.

பால்கனி மூலையில் ஒரு குக்கர். மூடி இறுகப் பூட்டியிருந்தது. அதன் மேல் ஒரு செங்கல்.

“ஆவியையே தாங்குற பாத்திரம், வெடிச்சாலும் வெளிய வராது,” என்றாள் அக்கா. ஒன்றரை வாரமாகக் கஞ்சியைச் சின்னப் பாத்திரத்தில் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

தலைப்பு சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு நடந்தது அத்தனையையும் சொன்னார். லாரி, டயர், விளம்பரம், அட்டவணை, ஒன்று விடவில்லை. அந்த போன் ஒரு பச்சைக் குழந்தை, ஒன்றும் செய்யாது என்று கெஞ்சினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கம்பெனிக்காரன் உன்னை மிரட்டுறானா தம்பி?”

கேளுங்கள் கூத்தை. பேப்பரில் எழுதினது உண்மை, நேரில் சொல்வது பயத்தில் சொல்வது என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் மறுக்க மறுக்க அவளுக்குச் சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. அச்சில் அத்தனை பெரிசாகப் போட்ட பிறகு இப்போது என்ன மாற்றிப் பேச்சு?

சரி, சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம் என்றார். ‘சிம் மாற்றினால் வங்கிக் கணக்கு காலியா?’ நீ எழுதினதுதானே என்றாள். புதிதாக மஞ்சள் போன் வாங்கித் தருகிறேன் என்றார். ‘உங்கள் படுக்கையறையில் மஞ்சள் ஒற்றன்?’ அதுவும் அவர் எழுதியதுதான், போன வருஷம் மஞ்சள் விளம்பரம் நின்றபோது எழுதியது. என் போனை வைத்துக்கொள் என்றார். அடுத்தவர் போனைத் தொட்டால் தோல் வியாதி வருமா என்று கேட்டிருந்தவரும் சாட்சாத் அவரேதான். எந்தக் கதவைத் திறந்தாலும் வாசலில் அவருடைய தலைப்பே காவலுக்கு நின்றது. அத்தனை தலைப்பையும் அக்கா தேதி வாரியாக ஞாபகம் வைத்திருந்ததைப் பார்த்து, இவருக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் வேகமாகப் போய்ச் செங்கல்லைத் தூக்கினார். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்குக் கண் எதுக்கு என்று அழுதாள். அவர் செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கே நேரில் போனார். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். தேதி போனில்தான் சொல்வோம் சார், அதுதான் முறை என்றாள். நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்றார். தாராளமாக மாற்றலாம், பழைய நம்பருக்கு ஒரு எண் வரும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். பழைய நம்பர் குக்கருக்குள் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பாள்.

ஆக, அக்கா நம்புவது ஒன்றே ஒன்றைத்தான். வியாழக்கிழமை காலையில் வரும் தலைப்பை. இணைப்பு அச்சுக்குப் போவது செவ்வாய் மாலை. செவ்வாய் காலையில் தலைப்பு சார் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, ‘நீல போன் வெடிக்காது’ என்று ஒரே ஒரு தலைப்பு வேண்டும் என்று கேட்டார். ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பஸ் நேரத்துக்கு வந்துச்சுன்னு எவனாவது செய்தி போடுவானா சார்?”

அதோடு விடவில்லை. கேள்விக்குறி இல்லாமல் இப்படி அடித்துச் சொன்னால், நாளைக்கே ஒன்று வெடித்துத் தொலைத்தால் யார் பதில் சொல்வது? மேலும் நீலம் இன்னும் விளம்பரம் தரவில்லை. கதவைச் சாத்தி அட்டவணையைக் காட்டினார். இந்த மாதம் அதிர்ச்சிதான். வேறு பேச்சில்லை.

தலைப்பு சார் தன் நாற்காலிக்கு வந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார். தலைப்பு நீல போனைத் திட்ட வேண்டும். திட்டினால்தான் அச்சேறும். படித்ததும் அக்கா அந்தப் போனைக் கையில் எடுக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், மணி அடித்தால் பேச வேண்டும். பயந்து ஒளிந்த மனுஷியை இன்னும் பெரிய பயத்தைக் காட்டித்தான் வெளியே இழுக்க முடியும். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கண்ணாடியை ஏழு முறை துடைத்தார். கடைசியில் எழுதினார்: ‘சார்ஜ் இறங்கினாலும் ஆபத்து? அழைப்பை எடுக்காவிட்டாலும் ஆபத்து? நீல போனின் மர்மம்!’

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக, இது பொய் என்று தெரிந்தே எழுதினார். கேள்விக்குறி இரண்டு போட்டும் அந்த உறுத்தல் போகவில்லை. ஆசிரியருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் பக்கம் முழு அகலத்துக்குப் போடச் சொல்லிவிட்டார். சோதனை மேடம் மட்டும் தலைப்பைப் பார்த்துவிட்டு இவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்தத் தலைப்புக்குக் கீழே வர வேண்டிய செய்தியை எழுதப் போனார்.

வியாழக்கிழமை விடிந்ததும் நகரமே போனை எடுக்க ஆரம்பித்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. முடிவெட்டுகிறவர் பாதிக் கன்னத்தில் சோப்போடு ஆளை விட்டுவிட்டு ஹலோ என்றார். பஸ் டிரைவர் பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டி, கடன் வேண்டுமா என்று கேட்ட பெண்ணுக்கு நிதானமாகப் பதில் சொன்னார். கடன் விற்கும் அந்தக் கம்பெனியில் அன்றைக்கு ஒருவர்கூட இணைப்பைத் துண்டிக்கவில்லையாம். ஒரு பெண் சந்தோஷம் தாங்காமல் அழுதே விட்டாளாம். ஆசிரியர் பையிலிருந்தும் ஒரு மணி அடித்தது. இரண்டு வருஷமாகப் பேசாமல் தட்டிக்கழித்த மச்சானின் அழைப்பு. முதல் மணியிலேயே எடுத்தார். அவர் வைத்திருந்தது நீல போன் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நீலக் கம்பெனிக்காரர்கள் சாயங்காலமே ஆள் அனுப்பி ஆறு மாத விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அட்டவணையில் நிறம் மாறியது. ‘ஒரு அழைப்பைக்கூட விடாத அசத்தல் போன்!’ என்று அடுத்த வாரத்துக்கு இப்போதே எழுதி வைக்கச் சொன்னார் ஆசிரியர்.

வெள்ளிக்கிழமை தலைப்பு சார் லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே அக்கா வீட்டில் ஆஜர். போன் குக்கரை விட்டு வெளியே வந்திருந்தது. சார்ஜ் நூறு. அடுப்படிக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு, மிஷின் முன்னால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள் அக்கா. முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள். பத்து மணிக்குள் எட்டுப் பேர். கடன் வேண்டாம் என்று ஒருவரிடம், காப்பீடு வேண்டாம் என்று இருவரிடம். தவறான நம்பரில் வந்த ஒரு பெரியவரிடம், போனை வைத்தால் எங்கே சூடாகிவிடுமோ என்று, அவர் பேரன் படிப்பு வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தாள். தலைப்பு சாருக்கு உயிரே இல்லை. ஆஸ்பத்திரி இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டால் என்ன ஆவது?

பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா தன் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், சம்மதம் சொன்னாள். பதினேழாம் தேதி ஒரு கண், அடுத்த மாதம் இன்னொன்று. தலைப்பு சார் எழுந்து பால்கனிக்குப் போய், யாரும் பார்க்காமல் அழுதார். அத்தனை சந்தோஷம்.

ஆபரேஷன் இரண்டும் நன்றாக முடிந்தன. இரண்டாவது கட்டுப் பிரித்து ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்தவள் முதலில் அவரைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்றாள். மிஷினில் ஊசி கோர்த்திருந்தது. தானே கோர்த்தது என்றாள். அவருக்கு மனசு நிறைந்துபோனது.

பிறகுதான் தரையைப் பார்த்தார். சட்டைக்கு அளவுத்தாள் வெட்டிக்கொள்ளலாம் என்று அவள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வியாழக்கிழமை இணைப்புகள் தரை முழுக்க விரித்துக் கிடந்தன. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான்கு நாளாகப் படிக்கிறாளாம். சின்ன எழுத்தை. லாரி டிரைவர் பஞ்சர் கடைக்குப் பேசியதைப் படித்துவிட்டாள். மஞ்சள் போன் எந்தப் படுக்கையறையையும் ஒற்றுப் பார்க்கவில்லை என்பதையும் படித்துவிட்டாள். நீல போனின் மர்மத்தைப் பற்றிய செய்தியையும் எடுத்து, நான்காவது பத்தியில் விரலை வைத்து, அவருக்கே வாசித்துக் காட்டினாள். நாற்பது அழைப்பை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன், போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது என்று எழுதியிருந்தார் சோதனை மேடம். தலைப்பு சாரும் அதை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார். நன்றாகத்தான் எழுதுகிறாள் அந்தப் பெண் என்றாள் அக்கா.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அக்கா அந்தப் பக்கத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் போனை எடுக்கணும்னுதானே இதை எழுதின?”

“ஆமாக்கா.”

“எனக்காக எழுதினது. அதனால இந்தப் பொய் எனக்குத் தப்பாத் தெரியல.” தரையில் கிடந்த மற்றவற்றை, சுவர் வரைக்கும் விரிந்து கிடந்த ஒன்பது வருஷத்தை, புதுக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்தாள். “மத்ததெல்லாம் யாருக்காகடா எழுதின?”

தலைப்பு சார் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். யாராவது ஒரு ஆள் பெயர் கிடைத்தால்கூடச் சொல்லியிருப்பார். அக்கா காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.